தந்தை வீட்டை விற்றார்; மகன் விண்ணை அளந்தான்!

ஒரு வீடு விற்கப்பட்டது. மகளுக்குச் சீர் செய்ய அல்ல. வழக்காடித் தோற்று வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்கவும் அல்ல. மகன் படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு தகப்பன் தான் குடியிருந்த வீட்டை விற்றார்.

பிரெஞ்சு நாட்டிலே, நார்மண்டிப் பகுதியிலே, சான் லோ என்றோர் ஊர். அங்கே அரசாங்கத்திலே சிறிய உத்தியோகம் பார்த்து வந்தவர் அந்தத் தகப்பன். மகன் பெயர் உர்பேன் லெவெரியே. பிறந்தது 1811 மார்ச் 11. பாரிசிலே பாலிடெக்னிக் என்றொரு கல்லூரி. அந்நாட்டின் கணித மேதைகளையும் இஞ்சினியர்களையும் வார்த்தெடுத்த பட்டறை அது. அதன் நுழைவுத் தேர்விலே பையன் தோற்றுப் போனான். தோற்ற பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தந்தை ஊர் வாயைக் கேட்கவில்லை. வீட்டை விற்றார், பாரிசுக்கு அனுப்பினார், மறுபடி எழுது என்றார். 1831-ல் மகன் தேறினான். அந்த வீட்டை வாங்கியவனுக்குக் கிடைத்தது நாலு சுவரும் ஒரு கூரையும். உலகுக்குக் கிடைத்தது ஒரு புதிய கோள்!

கல்லூரியை விட்டு வெளியே வந்த இளைஞன் நேரே வானத்தைப் பார்க்கப் போய்விடவில்லை. புகையிலை இலாகாவிலே வேலை! அங்கே வேதியியல், பாஸ்பரஸ் பற்றிய ஆராய்ச்சி. 1837-ல் பாலிடெக்னிக்கிலே உதவி ஆசிரியர் பதவி தேடினான். வேதியியல் இடம் வேறொருவருக்குப் போயிற்று. எஞ்சி நின்றது வானநூல். சரி, அதையாவது கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டான். விரும்பிக் கேட்டது குடுவை. வேண்டாமல் கிடைத்தது வானம்! இனி அவன் இவன் வேண்டாம். அவர் என்றே அழைப்போம்.

அந்த வானத்திலே அவர் எதைத் தேடினார்? அழகையா? ஆண்டவனையா? இல்லை. தடத்தைத் தேடினார்.

செக்கு மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேற்று மிதித்த தடத்தைத்தான் இன்றும் மிதிக்கும், நாளையும் மிதிக்கும். கோள்களும் அப்படியே என்று மனிதர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். கெப்ளர் 1609-ல், அது வட்டமல்ல, நீள்வட்டம் என்று காட்டினார். நியூட்டன் 1687-ல், ஏன் அப்படி என்று விளக்கினார். சூரியன் இழுக்கிறது, கோள் ஓடுகிறது, இழுப்பும் ஓட்டமும் கூடிச் சுற்றாகிறது. ஆனால், இழுப்பது சூரியன் மட்டுமா? பொருள் ஒவ்வொன்றும் மற்றெல்லாப் பொருளையும் இழுக்கிறது. வியாழன் சனியை இழுக்கும். சனி வியாழனை இழுக்கும். வெள்ளி நம் பூமியை இழுக்கும். வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் எப்படிப் போகும்? கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. கோளின் தடமும் அவ்வாறே மாறிக்கொண்டிருக்கிறது. நீள்வட்டம் வட்டத்தை நெருங்கும், மறுபடி நீளும், சாயும், நிமிரும், அந்த நீள்வட்டமே மெல்ல மெல்லத் திரும்பும். ஒரு மனித ஆயுளில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம். ஆனால் கணக்குக்குத் தெரியும்!

1839-ல், இருபத்தெட்டு வயதிலே, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் தம் முதல் பெரிய கணக்கை வைத்தார் லெவெரியே. அன்று அறியப்பட்டிருந்த கோள்கள் ஏழு. அந்த ஏழின் தடங்களும் இலட்சம் ஆண்டுக்கு முன் எப்படி இருந்தன, இலட்சம் ஆண்டுக்குப் பின் எப்படி இருக்கும் என்ற கணக்கு. பக்கம் பக்கமாக எண்கள். இயந்திரம் இல்லை, இறகுப் பேனாவும் விளக்கும்தான்.

இதனால் யாருக்கு என்ன இலாபம் என்று கேட்பவர் எந்த நாட்டிலும் உண்டு. பதிலை ஸ்காட்லாந்திலே ஒரு காவற்காரர் தந்தார். ஜேம்ஸ் கிரால் என்று பெயர். பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டவர். ஆலைத் தச்சராக இருந்தார், தேயிலைக் கடை வைத்தார், விடுதி நடத்தினார், இன்ஷுரன்ஸ் விற்றார், ஒன்றும் நிலைக்கவில்லை. 1859-ல் கிளாஸ்கோ நகரின் ஆண்டர்சன் கல்லூரிக் காட்சிசாலையில் காவல் வேலை. கூட்டிப் பெருக்கிய நேரம் போக மீதி நேரம் நூலகத்தில்! பூமியின் தடம் மாறுவதால்தான் பூமியில் பனியுகங்கள் வந்து போயின என்று 1864-ல் எழுதினார் அந்தக் காவற்காரர். அந்த எண்ணத்துக்கு எண்களை அவர் எங்கே பெற்றார்? லெவெரியேயின் சூத்திரங்களில். அவற்றைக் கொண்டு முப்பது இலட்சம் ஆண்டுக் காலத்துக்கு, பூமியின் தடம் எவ்வளவு நீண்டது, எவ்வளவு வட்டமானது என்று கணக்கிட்டார். பனியுகத்தின் காலத்தைக் குறித்ததில் கிரால் தவறினார். செர்பிய நாட்டு மிலன்கோவிச் பின்னர் வந்து கணக்கைச் செப்பனிட்டார். 1976-ல் கடலடிச் சேற்றைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தபோது, பனி வந்த தாளமும் பூமியின் தடம் மாறிய தாளமும் ஒத்து நின்றன. தடமாற்றம் காட்டிக் கொடுப்பது வானத்தின் இரகசியத்தை மட்டுமல்ல, நம் காலடி மண்ணின் பழங்கதையையுந்தான்.

இன்னொரு வேடிக்கை. 1770-ல் ஒரு வால்நட்சத்திரம் பூமிக்கு மிக அருகே வந்து போனது. லெக்செல் என்பவர் கணக்கிட்டதால் அவர் பெயரே அதற்கு. ஐந்தரை ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றும் என்று கணக்குக் காட்டிற்று. அப்படியானால் அதற்கு முன் ஏன் யாரும் பார்க்கவில்லை? அதற்குப் பின்னும் ஏன் வரவே இல்லை? காரணம் வியாழன். 1767-ல் தன்னருகே வந்த அந்த ஏழை வால்நட்சத்திரத்தைப் பிடித்துப் புதுத் தடத்தில் தள்ளியதும் வியாழன். 1779-ல் மறுபடி அகப்பட்டபோது தூக்கித் தொலைவில் எறிந்ததும் வியாழன். கிரகம் மனிதனைப் பிடித்து ஆட்டுகிறதோ இல்லையோ, வால்நட்சத்திரத்தை ஆட்டியது உண்மை! இந்த வழக்கையும் லெவெரியே விசாரித்தார். தடம் மாறியதென்றால், மாற்றியவன் ஒருவன் உண்டு. இது அவர் உள்ளத்தில் ஊறிவிட்ட பாடம்.

அந்தப் பாடத்துக்கு ஒரு பெரிய சோதனை காத்திருந்தது.

யுரேனஸ் என்ற கோளை வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13-ல் இங்கிலாந்தின் பாத் நகரிலே கண்டுபிடித்தார். சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டு எடுக்கும் கோள். அதன் தடத்தை பூவார் என்ற பாரிஸ் அறிஞர் 1821-ல் அட்டவணையாக்கினார். அட்டவணை ஒன்று சொன்னது. கோள் வேறொன்று செய்தது! 1822-க்கு முன் வேகமாக ஓடிய யுரேனஸ் பின்னர் தயங்கித் தயங்கி நடந்தது. 1845-ல் வித்தியாசம் ஏறத்தாழ 2 கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒன்று கலை. முழு நிலவின் அகலம் 31 கலை. நிலவின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்குதானே, போனால் போகிறது என்று விடலாமா? சந்தையிலே தராசு சாய்ந்தால் கைதவறு என்று சொல்லித் தப்பலாம். வானத் தராசு சாய்ந்தால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. ஒன்று, நியூட்டன் விதி அவ்வளவு தூரத்தில் செல்லாது. அல்லது, கண்ணுக்குத் தெரியாத எவனோ இருட்டில் நின்று கயிற்றை இழுக்கிறான்.

அராகோ என்ற பேரறிஞர் இந்தப் புதிரை 1845-ல் லெவெரியே கையில் கொடுத்தார். அறிவியலார் வழக்கமாகச் செய்வது, கோள் இங்கே இருக்கிறது, ஆகவே அதன் இழுப்பு இவ்வளவு என்று கணக்கிடுவது. லெவெரியே தலைகீழாகப் போனார். இழுப்பு இவ்வளவு, ஆகவே இழுப்பவன் எங்கே? இருட்டிலே இருப்பவன் முன்னே நின்று இழுத்தபோது யுரேனஸ் விரைந்தது. இவன் அவனைக் கடந்தபின், அவன் பின்னின்று இழுத்ததால் தளர்ந்தது. அதிலிருந்து ஆளின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளின் எடை தெரியாது, தூரம் தெரியாது, தடத்தின் வடிவம் தெரியாது. 1845 நவம்பர், 1846 ஜூன், 1846 ஆகஸ்ட் என்று மூன்று கட்டுரைகளைக் கழகத்தின் முன் வைத்தார். மூன்றாவதில் முகவரியே இருந்தது!

கழகம் கைதட்டியது. பாரிசிலே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி விடாமல் தேடினார்களா? இல்லை. பிறந்த நாட்டில் மதிப்பில்லாத பண்டத்தை அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது போல, 1846 செப்டம்பர் 18-ல் பெர்லின் வான் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்த காலே என்ற உதவியாளருக்குக் கடிதம் எழுதினார் லெவெரியே. முன்பு காலே தம் ஆய்வு நூலை இவருக்கு அனுப்பியிருந்தார். அதற்கு நன்றி சொல்வது போல வேலையையும் சொல்லிவிட்டார். கடிதம் 23-ம் நாள் போய்ச் சேர்ந்தது. கூடத்தின் தலைவர் எங்கேயின் 55-வது பிறந்த நாள் அன்று. விருந்துக்குப் போகும் மனிதர் தொலைநோக்கியைத் தொட அனுமதி தந்தார். தாரஸ்ட் என்ற மாணவன் நானும் வருகிறேன் என்று ஒட்டிக் கொண்டான். கோளைத் தேடுவதென்றால் வட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது கடினம். புதிதாக அச்சான விண்மீன் படம் கூடத்தில் இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டால் என்ன என்று யோசனை சொன்னதும் அந்த மாணவன்தான். காலே தொலைநோக்கியில் தெரிந்த விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாணவன் படத்தில் சரிபார்த்தான். ஒரு மணி நேரம் ஆகவில்லை. படத்தில் இல்லாத ஒரு புள்ளி!

லெவெரியே குறித்த இடத்துக்கும் அதற்கும் இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவு. மறுநாள் இரவு பார்த்தார்கள், புள்ளி நகர்ந்திருந்தது. கோளேதான்! 280 கோடி மைலுக்கு அப்பால் இருந்த உலகத்தை, ஒரு மனிதர் மேசையிலே பேனாவால் கண்டுபிடித்தார். நெப்டியூன் என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

புகழ் வந்தது, கூடவே பூசலும் வந்தது. இங்கிலாந்திலே கார்ன்வால் பகுதியில் ஒரு குத்தகை உழவரின் மகன் ஜான் கௌச் ஆடம்ஸ். கேம்பிரிட்ஜில் படித்த அந்த இளைஞரும் அதே கணக்கைத் தனியே போட்டிருந்தார். 1845 அக்டோபரில் கிரீன்விச்சுக்குச் சென்று, அரசாங்க வானநூலறிஞர் ஏரியின் வீட்டு வாசலில் நின்றார். பார்க்க முடியவில்லை. தாளை வைத்துவிட்டு வந்தார். ஏரி ஒரு விளக்கம் கேட்டு எழுதினார். ஆடம்ஸ் பதில் போடவில்லை. கேம்பிரிட்ஜ் சாலிஸ் 1846 ஜூலை 29-ல் தேடத் தொடங்கி, ஆகஸ்டில் இரண்டு முறை அந்தக் கோளைக் கண்டு குறித்தும் இருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்காததால் அது கோள் என்று தெரியாமலே போயிற்று! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பிரெஞ்சுப் பத்திரிகைகள் கொதித்தன. ஆங்கிலப் பத்திரிகைகள் சீறின. இரண்டு நாட்டுப் பேனாக்களும் வாட்களாயின. சண்டையிட்டவர்கள் சண்டையிட, சம்பந்தப்பட்ட இருவரும் 1847-ல் ஆக்ஸ்போர்டில் சந்தித்து நட்பாகவே பேசிக்கொண்டார்கள். பின்னர் 1876-ல் லண்டன் வானநூல் கழகம் லெவெரியேக்குத் தங்கப் பதக்கம் வழங்கியபோது, அவர் பெருமையை எடுத்துரைத்த தலைவர் யார்? அதே ஆடம்ஸ்!

இதையும் சொல்லிவிட வேண்டும். நெப்டியூன் கிடைத்த பின் அதன் உண்மையான தடத்தை அமெரிக்கர்கள் கணக்கிட்டார்கள். லெவெரியே, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் 36 மடங்குத் தொலைவில் தம் கோளை வைத்திருந்தார். உண்மையில் அது 30 மடங்குத் தொலைவில்தான் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் பியர்ஸ், இது கணக்கின் வெற்றியல்ல, அதிர்ஷ்டம் என்று கூடச் சொன்னார். அது பொறாமைப் பேச்சு என்பது என் கருத்து. தூரத்திலே பிழை, எடையிலே பிழை; ஆனால் யுரேனஸை ஆட்டிய ஆண்டுகளில் எந்தத் திசையில் இருந்தது என்பதிலே பிழையில்லை. திருடன் உயரத்தைத் தப்பாகச் சொன்னாலும் ஒளிந்திருந்த தெருவைச் சரியாகச் சொன்னவனுக்குப் பரிசு கொடுக்க மாட்டோமா?

புகழ் அவரை எங்கே கொண்டு போயிற்று? அரண்மனைக்கு! 1849-ல் சட்டசபை உறுப்பினர். லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்து முடி சூடிக்கொள்ள, 1852-ல் லெவெரியே செனட்டர் ஆனார். கணக்கைக் கையில் கொடுத்தாரே அராகோ, அவர் என்ன செய்தார்? 1848 புரட்சி அரசிலே அமைச்சராக இருந்தவர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த அரசு அது. சக்கரவர்த்திக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று மறுத்து, 1853-ல் மறைந்தார். அவர் அமர்ந்திருந்த பாரிஸ் வான் ஆராய்ச்சிக் கூடத்தின் நாற்காலியில் 1854 ஜனவரியில் வந்து அமர்ந்தவர் லெவெரியே. அராகோவின் உறவினரும் துணைவரும் வெளியேற நேர்ந்தது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதை அவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவருக்கு, மனிதரோடு மனிதர் ஒட்டிவாழும் கணக்கு வரவேயில்லை. கமில் பிளமாரியன் என்ற இளைஞர், பின்னாளில் பாமரருக்கும் வானநூலைப் பரப்பிப் பெரும்பெயர் பெற்றவர், 1862-ல் ஒரு நூல் எழுதிய குற்றத்துக்காக அங்கிருந்து வெளியே தள்ளப்பட்டார். இறுதியில் கூடத்து அறிஞர்கள் கூட்டாக இராஜினாமா செய்ய, 1870 பிப்ரவரியில் லெவெரியேயே நீக்கப்பட்டார். பின்வந்த டெலோனே 1872-ல் கடலில் மூழ்கி இறந்ததும், 1873-ல் மறுபடி அழைத்தார்கள். கண்காணிக்க ஒரு குழுவையும் சேர்த்தே போட்டார்கள்!

கொடுமைக்காரத் தலைவர். சோம்பேறித் தலைவர் அல்ல. 1854 நவம்பர் 14-ல் கிரிமியப் போரின்போது கருங்கடலில் எழுந்த புயல், பலக்லாவா அருகே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்களை நொறுக்கியது. அதன் காரணம் காணும் பணி லெவெரியேயிடம் வந்தது. ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதி அந்த நாட்களின் காற்றுக் குறிப்புகளைத் திரட்டினார். புயல் ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து வந்திருக்கிறது. தந்தி கொடுத்திருந்தால் புயலுக்கு முன் செய்தி போயிருக்கும்! 1855-ல் அதற்கான திட்டத்தைச் சக்கரவர்த்தியிடம் வைத்தார். தந்தி மூலம் வானிலை அறிவிப்பு என்பது பிரெஞ்சு நாட்டில் அப்படித்தான் வேர்விட்டது. நம் மீனவர் காதில் இன்று விழும் புயல் எச்சரிக்கைக்கும் அத்தகைய முயற்சிகளே முன்னோடி.

தடக் கணக்கையும் விடவில்லை. கோள்களின் தடம் மாறும் அளவை வைத்துப் பூமியின் எடையைத் திருத்தினார். எடை கூட, சூரியனின் தூரம் குறைந்தது. அதுவரை ஒன்பதரைக் கோடி மைல் என்று இருந்த தூரம் அவ்வளவு இல்லை என்று 1858-ல் சொன்னார். 1862-ல் பூக்கோ, அதே கூடத்தில் ஒளியின் வேகத்தை அளந்து, வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். இன்று அது 9 கோடியே 30 இலட்சம் மைல்.

இனி வருவது அவர் வாழ்வின் இரண்டாவது பெரிய வழக்கு. சூரியனுக்கு மிக அருகே ஓடும் கோள் புதன். 88 நாளில் ஒரு சுற்று. சூரியனின் முகத்தைப் புதன் கரும்புள்ளியாகக் கடக்கும் நேரங்களைக் கொண்டு அதன் தடத்தை நுட்பமாக அறியலாம். 1845 மே மாதக் கடப்பு, இவர் குறித்த நேரத்திலிருந்து 16 விநாடி தவறியது. பதினாறே விநாடி! அச்சுக்குப் போக இருந்த அட்டவணைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவ்வளவு கண்டிப்பு. அந்த முள் பதினான்கு ஆண்டு அவர் உள்ளத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

1697 முதல் 1848 வரை குறிக்கப்பட்ட கடப்புகளை எல்லாம் ஆராய்ந்து, 1859 செப்டம்பரில் முடிவை வெளியிட்டார். புதனின் நீள்வட்டம் மெல்லத் திரும்புகிறது என்பது தெரிந்ததே. ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு விகலை. நூறு ஆண்டில் வெள்ளியின் இழுப்பால் 280 விகலை, வியாழனால் 152, பூமியால் 83, மற்றவற்றையும் கூட்டினால் மொத்தம் 527 விகலை திரும்ப வேண்டும். ஆனால் புதன் அதற்கும் மேலே 38 விகலை அதிகம் திரும்புகிறது! அந்த அதிகத் திருப்பத்தால் மட்டும் நீள்வட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 34 இலட்சம் ஆண்டு ஆகும். அவ்வளவு சிறியது. அதைக் கண்டார் அந்த மனிதர். கண்டதோடு, எங்கோ பிழை என்று ஒதுக்காமல் உலகறியச் சொன்னார். நெப்டியூனைவிட இதுவே பெரிய செயல் என்பேன்.

ஆனால் விளக்கம்? தடம் மாறினால், மாற்றியவன் ஒருவன் உண்டு! பழைய பாடம். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே ஒரு கோளோ, சிறு கோள்களின் கூட்டமோ இருக்க வேண்டும் என்றார்.

உடனே ஆள் கிடைத்தார். ஓர்ஷேர் என்ற சிற்றூரின் மருத்துவர் லெகார்போ. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக வானம் பார்ப்பவர். 1859 மார்ச் 26-ல் சூரியனின் முகத்தில் ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைக் கண்டதாக டிசம்பரில் எழுதினார். லெவெரியே சும்மா இருப்பாரா? டிசம்பர் 31-ல் ஒரு சாட்சியையும் கூட்டிக்கொண்டு இரயிலேறி, இறங்கி, நாட்டுப்புறப் பாதையில் நடந்து, முன்னறிவிப்பின்றி மருத்துவர் கதவைத் தட்டினார். பேர் சொல்லவில்லை; அதட்டலாகக் குறுக்கு விசாரணை. மருத்துவர் நடுங்கினார். விநாடியை எப்படி அளந்தீர்? கடிகாரத்தில் விநாடி முள்ளே இல்லையே! தந்தப் பந்து ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதன் ஆட்டத்தை எண்ணினேன் என்று காட்டினார் மருத்துவர். கணக்குப் போட்ட தாள் எங்கே? தாளுக்குக் காசில்லை, மரப்பலகையில் எழுதி, இடம் தீர்ந்தால் இழைத்துவிட்டு மறுபடி எழுதுவேன்! பலகையைக் கொண்டு வந்தார். பலகையைப் பார்த்ததும் பாரிசின் பெருமகனார் உருகிவிட்டார். வீடு விற்றுப் படித்த பிள்ளையல்லவா. அந்தப் பலகை வேறு ஏதோ பேசியிருக்கும். ஏழை மருத்துவருக்கு நாட்டின் பெரும் விருது கிடைத்தது. காணாத கோளுக்கு வல்கன் என்று பெயர் வந்தது. ஏறத்தாழ 20 நாளில் சூரியனைச் சுற்றும் என்று கணக்கும் வந்தது.

கோள்தான் வரவில்லை! அதே நாளில் பிரேசிலில் இருந்து சூரியனைப் பார்த்துக் கொண்டிருந்த லியாய் என்ற அறிஞர், நான் ஒரு புள்ளியையும் காணவில்லை என்று மறுத்தார். ஆண்டுகள் ஓடின. யாரோ எங்கோ கண்டதாகச் செய்தி வரும். சோதித்தால் சூரியப் புள்ளியாக இருக்கும். லெவெரியே நம்பிக்கையை விடவில்லை. பழைய செய்திகளை எல்லாம் சலித்து, 1877 மார்ச் 22-ல் வல்கன் சூரியனைக் கடக்கலாம் என்று அறிவித்தார். பல நாட்டுத் தொலைநோக்கிகள் சூரியன் மேல் திரும்பின. சூரியன் எழுந்தது, விழுந்தது. புள்ளி இல்லை.

அப்போதே நோயுற்றிருந்தார். 1877 செப்டம்பர் 23-ல், அறுபத்தாறு வயதில் மறைந்தார். பெர்லினில் நெப்டியூன் அகப்பட்ட அதே செப்டம்பர் 23. முப்பத்தோரு ஆண்டு நிறைந்த நாள். மறு ஆண்டு ஜூலையில் அமெரிக்காவிலே முழுச் சூரிய கிரகணம். வாட்சன், ஸ்விப்ட் என்ற இருவர் வல்கனைக் கண்டோம் என்றனர். பின்னர் ஒருவரும் காணவில்லை.

கோள் பொய். ஆனால் 38 விகலை? அது பொய்யாகவில்லை. 1882-ல் அமெரிக்க அறிஞர் நியூகம் மறுபடி கணக்கிட்டார். 43 விகலை என்று கூடியது! குற்றவாளி இல்லை, குற்றம் மட்டும் நின்றது. முதல் வழக்கில் விதி சரி, கண்ணுக்குத் தெரியாத ஆள் இருந்தான். இரண்டாவது வழக்கில் ஆளே இல்லை. குறை விதியில் இருந்தது. இரண்டு வழக்கிலும் சாட்சி ஒன்றே: தடம். அது இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னது.

தீர்ப்பு வந்த ஊரும் பெர்லின்தான். 1915 நவம்பர் 18-ல் அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தின் முன் ஐன்ஸ்டீன் தம் கணக்கை வைத்தார். சூரியனின் பெருத்த எடையால் அதன் அருகே வெளியும் காலமும் வளைந்து கிடக்கின்றன. அந்த வளைவில் ஓடுவதால் நீள்வட்டம் தானாகவே திரும்பும். எவ்வளவு? நூறு ஆண்டுக்கு 43 விகலை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பதினாறு விநாடிக்காக அட்டவணையைத் திரும்ப வாங்கிய கண்டிப்பான மனிதர் தோண்டி எடுத்து வைத்த எண்ணே அங்கே சாட்சிக் கூண்டில் நின்றது.

நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு தன் முதல் சுற்றை முடித்தது 2011-ல். சுற்றுக்கு 165 ஆண்டு. 1989 ஆகஸ்ட் 25-ல் வாயேஜர் 2 என்ற விண்கலம் அதன் அருகே பறந்து படமெடுத்தது.

2020-ல் சிலி நாட்டு மலையுச்சித் தொலைநோக்கிகளைக் கொண்டு வேறொரு தடத்தை அளந்து முடித்தார்கள். நம் விண்மீன் மண்டலத்தின் நடுவே, 26 ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால், நாற்பது இலட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை. அதை எஸ் 2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கொரு முறை சுற்றுகிறது. அதன் நீள்வட்டமும் புதனின் நீள்வட்டத்தைப் போலவே திரும்புகிறது. புதனுக்கு நூறு ஆண்டில் 43 விகலை. எஸ் 2-க்கு ஒரே சுற்றில் 12 கலை.